சீழ் இருந்த இடம்

மருத்துவ வரலாற்றை வெற்றிகளின் வரிசையாகப் படித்தே நமக்குப் பழக்கம். அம்மைத் தடுப்பு, மயக்க மருந்து, பெனிசிலின் என்று படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு பெரியவரின் படம் மாட்டியிருக்கும். குழந்தைகளின் மூளையில் தோன்றும் சீழ்க்கட்டிக்குச் சிகிச்சை கண்ட வரலாறு இந்த ஒழுங்குக்குள் அடங்குவதில்லை. அதில் மிகத் துல்லியமாக நோய் கணிக்கப்பட்ட சிறுவன் ஒருவன் சிகிச்சை பெறாமலேயே இறந்தான். வியக்கத்தக்க பலன்கள் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டன. அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அவற்றை எட்டப் பிறர் திணறினர். எல்லா நோய்க்கும் விடிவு என்று நம்பப்பட்ட மருந்து வந்தபோதும் இந்த நோயின் சாவுக் கணக்கு எதிர்பார்த்த அளவு குறையவில்லை. ஏன் இப்படி நேர்ந்தது என்பதை நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் நோயை அறிந்துகொள்வோம். மூளைச் சீழ்க்கட்டி புற்றுநோயைச் சேர்ந்ததன்று. நுண்ணுயிர்கள் மூளைத் திசுவுக்குள் புகுந்து ஓரிடத்தில் தங்குகின்றன. அவ்விடம் அழன்று, இளகி, சீழாகிறது. உடல் தன் பங்குக்கு அதைச் சுற்றி ஓர் உறையைக் கட்டுகிறது. காலில் வரும் சீழ்க்கட்டியும் இதே வகைதான். காலில் வந்தது வெளிப்புறமாக வீங்கும்; ஒருநாள் உடைந்து ஆறும். மண்டையோட்டுக்குள் வந்ததற்கு அந்த வசதி இல்லை. கைக்குழந்தையின் உச்சிக்குழி மூடாதவரை சிறிது இடமுண்டு. தலை பெருத்துக் கொஞ்சகாலம் தாக்குப்பிடிக்கும். பிறகு அதுவும் இல்லை. உள்ளே அழுத்தம் ஏறும். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், இழுப்பு என்று ஒவ்வொன்றாக வரும். காய்ச்சல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கட்டி மூளையின் உள்ளறைக்குள் உடைந்துவிட்டால் பெரும்பாலும் சில மணிகளில் முடிந்துவிடும்.

குழந்தையின் மூளைக்குச் சீழ் சென்று சேரப் பல வழிகள் உண்டு. நடுச்செவியில் நாட்பட்டுச் சீழ் வடியும்போது அது காதெலும்பை அரித்து, மேலே பெருமூளைக்கோ பின்னே சிறுமூளைக்கோ போகலாம். வளரிளம் பருவத்தினருக்கு நெற்றியெலும்புக்குள் இருக்கும் காற்றறையிலிருந்து போகலாம். தலையில் பட்ட காயத்தின் வழியே போகலாம். சொத்தைப் பல்லிலிருந்தும் போகலாம். பிறவியிலேயே இதயத்தில் கோளாறுள்ள குழந்தைகளுக்கு இரத்தத்தின் வழியே போகலாம். இவற்றுள் காதின் வழியையே மனிதர்கள் முதலில் அறிந்தனர்.

கடுமையான காய்ச்சலோடு சேர்ந்த காதுவலி அஞ்சத்தக்கது என்றும், இளையோர் அதில் விரைவில் இறக்கின்றனர் என்றும் கிரேக்கத்தின் ஹிப்போக்ரட்டஸ் மரபு நூல்களிலேயே குறிப்பு உண்டு. ஆனால் காதுக்கும் சாவுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. மூளையில் சீழ் கட்டி, அது காது வழியே வெளியேறுகிறது என்று நம்பியவர்களும் இருந்தனர். காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் புரிந்துகொண்டிருந்தனர். ஃபிரான்ஸின் அறுவை மருத்துவர் மொராண்ட் 1752இல் காதுநோயைத் தொடர்ந்து வந்த மூளைச் சீழ்க்கட்டி ஒன்றைத் திறந்து வடித்தார், நோயாளி பிழைத்தார். அது தனி நிகழ்ச்சியாகவே நின்றுவிட்டது. அக்கால அறுவை மருத்துவருக்குப் புற அடையாளங்களே வழிகாட்டி. காயமோ வீக்கமோ அரித்த எலும்போ தெரியும் இடத்தில் திறப்பார். வெளியே ஒன்றும் தெரியாவிட்டால் திறக்க இடமே இல்லை.

இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்று இவ்வரலாற்றின் ஓரத்தில் வருகிறது. டப்ளின் நகரின் வில்லியம் வைல்ட் புகழ்பெற்ற காது மருத்துவர். 1853இல் காது அறுவை பற்றி அவர் எழுதிய நூல் அத்துறையின் தொடக்க நூல்களுள் ஒன்று. சீழ் வடியும் காது எப்போது, எங்கே, எப்படிக் கொண்டுபோய் விடும் என்று யாரும் சொல்லிவிட முடியாது என்னும் கருத்தை அதில் எழுதி வைத்தார். அவருடைய மகன் ஆஸ்கர் வைல்ட் 1900 நவம்பரில், நாற்பத்தாறாம் வயதில், காதுநோய் முற்றி மூளையுறை அழற்சியாகி, பாரிஸில் இறந்தார். தந்தை எழுதிய வரியை மகன் தன் உடலால் மெய்ப்பித்தார்.

நம் கதை நடக்கும் ஊர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. அது நடப்பதற்கு இரண்டு செய்திகள் முன்கூட்டியே வந்து காத்திருக்க வேண்டியிருந்தது.

முதலாவது பாரிஸிலிருந்து வந்தது. 1861இல் பால் ப்ரோக்கா, பேச்சிழந்து பல ஆண்டுகள் வாழ்ந்து இறந்த ஒருவரின் மூளையை ஆராய்ந்து, இடப்பக்க நெற்றிமடலின் கீழ்ப்பகுதியில் சிதைவைக் கண்டார். தொடர்ந்து வந்த நோயாளிகளும் அதையே காட்டினர். பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்பது உறுதியாகத் தொடங்கியது. 1870இல் ஃப்ரிட்ஷ், ஹிட்ஸிக் என்னும் இரு ஜெர்மானியர்கள் நாயின் மூளைப் புறணியில் மின்சாரம் பாய்ச்சி, எதிர்ப்பக்கத்துக் கால் அசைவதைக் காட்டினர். 1873 முதல் இங்கிலாந்தில் டேவிட் ஃபெரியர் அதை விரிவாக்கினார். மூளைக்கு ஒரு நிலப்படம் உருவாகிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கிளாஸ்கோவிலேயே நடந்தது. 1865 ஆகஸ்டில் அங்குள்ள ராயல் மருத்துவமனையில் ஜோசஃப் லிஸ்டர், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த பதினொரு வயதுச் சிறுவனின் திறந்த காயத்தைக் கார்பாலிக் அமிலத்தால் சுத்தம் செய்து கட்டினார். காலை வெட்டாமலேயே அவன் நடந்து வீட்டுக்குப் போனான். 1867இல் லிஸ்டர் தம் முறையை வெளியிட்டார். அவருடைய மாணவர்களுள் ஒருவர் வில்லியம் மெக்யுவன். 1848இல் பிறந்தவர், காவல்துறை மருத்துவராகவும் பணியாற்றியவர், தலையில் அடிபட்டோரை நிறையப் பார்த்தவர்.

1876இல் அதே மருத்துவமனைக்கு, அதே பதினொரு வயதில் வேறொரு சிறுவன் வந்தான். சில நாட்களுக்கு முன் கீழே விழுந்ததில் இடப்புருவத்துக்கு மேலே காயம். காயம் ஆறும் நிலையிலிருந்தபோது காய்ச்சல் வந்தது. பிறகு உடலின் வலப்பக்கத்தில் இழுப்பு. இழுப்பு நின்றதும் பேச்சு போயிருந்தது.

பழைய முறைப்படி பார்த்தால் திறக்க வேண்டிய இடம் தழும்பின் கீழேதான். மெக்யுவன் அப்படிப் பார்க்கவில்லை. வலப்பக்கம் இழுத்தது, ஆகவே சிக்கல் இடப்பக்க மூளையில். பேச்சு போயிற்று, ஆகவே ப்ரோக்கா சுட்டிய மடிப்பின் அருகில். முன்னால் காயமும் காய்ச்சலும் இருந்தன. ஆகவே அங்கே இருப்பது சீழ். கண்ணால் எதையும் காணாமல், அறிகுறிகளை மட்டும் கோத்து, மூளைக்குள் ஓர் அங்குல நிலத்தை அவர் அடையாளமிட்டார். அங்கே துளையிட்டு வடிக்கலாம் என்றார்.

சிறுவனின் வீட்டாரிடமிருந்து இசைவு கிடைக்கவில்லை. சிறுவன் இறந்தான்.

இறந்த பிறகு அனுமதி கிடைத்தது. உயிரோடிருந்தபோது எப்படிச் செய்ய நினைத்தாரோ அப்படியே மெக்யுவன் செய்தார். தாம் குறித்த இடத்தில் மண்டையோட்டில் துளையிட்டு, மூளைக்குள் கத்தியைச் சிறிது செலுத்தினார். சீழ் வந்தது. மூன்றாம் நெற்றி மடிப்பின் அடியில், மேற்பரப்புக்கு அருகிலேயே, புறாமுட்டை அளவில் கட்டி இருந்தது.

மருத்துவ வரலாறுகள் இந்த நிகழ்ச்சியை மெக்யுவனின் மேதைமைக்குச் சான்றாகச் சொல்லும். அது சான்றுதான். ஆனால் மறுத்தவர்களை அறியாமையின் பக்கம் தள்ளிவிட்டு நகர்ந்துவிடுவது நியாயமாகுமா? அவர்களிடத்தில் நின்று ஒருமுறை பார்ப்போம்.

1876இல் தலையைத் திறப்பது என்பது கிட்டத்தட்ட சாவுக்குக் கதவைத் திறப்பது. மூளையுறையைத் தாண்டிக் கத்தி போனால் பிழைத்தவர்கள் மிகச் சிலர். கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையின் பெயரும் அப்படியொன்றும் நல்ல பெயரன்று. 1849இல் காலராவில் மாண்டோரின் சவப்பெட்டிகள் தம் அறுவைக் கூடத்துச் சுவரை ஒட்டி, தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே புதைந்து கிடந்ததை லிஸ்டரே எழுதியிருக்கிறார். அறுவைக்குப் போனவர் சீழ்பிடித்துச் சாவது ஊரறிந்த செய்தி. இவை எல்லாவற்றுக்கும் மேல், மெக்யுவனிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. புருவத்தில் காயம்பட்ட பிள்ளையின் தலையில் வேறோர் இடத்தைச் சுட்டி, இங்கே துளையிடுகிறேன் என்கிறார் இருபத்தெட்டு வயது மருத்துவர். ஏன் அங்கே என்றால், பாரிஸில் ஒருவர் இறந்தவரின் மூளையில் பார்த்தார் என்கிறார். இதற்கு முன் இப்படி யாருக்காவது செய்து பிழைத்ததுண்டா என்று கேட்டால் அவரால் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? அன்றைய கணக்குகளை வைத்துப் பார்த்தால் மறுப்பே அறிவுடைய முடிவு. மெக்யுவன் சரி, மறுத்தவர்களும் தவறில்லை. அந்த இடைவெளியில் ஒரு சிறுவன் இறந்தான்.

ஒருவருக்கு ஓர் இடம் தெரிந்திருப்பது வேறு. அதைப் பிறருக்குத் தெரியும்படி செய்வது வேறு. குழந்தைகளின் மூளைச் சீழ்க்கட்டி வரலாற்றை நாம் படிக்கும்போதெல்லாம் இந்த வேறுபாடே முன்னால் வந்து நிற்கிறது. கத்தியைவிடவும் மருந்தைவிடவும் அதிகமாக இங்கே தேவைப்பட்டது, சீழ் இருக்கும் இடத்தைக் கண்ணுக்குக் கொண்டுவருவதுதான்.

அச்சிறுவனின் சாவு வீணாகவில்லை என்று எழுதுவது எளிது. அவன் வீட்டாருக்கு அதில் என்ன ஆறுதல் இருந்திருக்கும் என்று தெரியாததால் நாம் அப்படி எழுதவில்லை. நடந்ததை மட்டும் சொல்லலாம். 1879இல் மெக்யுவன், அறிகுறிகளை மட்டுமே கொண்டு இடம் கணித்து, பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியின் மூளையுறைக் கட்டியை எடுத்தார், அவள் பிழைத்தாள். கார்பாலிக் தெளிப்பைக் கைவிட்டு, கருவிகளைக் கொதிக்கவைத்தும் துணிகளை நீராவியில் வைத்தும் கிருமி நீக்கும் முறைக்கு மாறினார். உறையவைத்த தலைகளைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு வெட்டுமுகத்தையும் படமாக்கினார். 1893இல் வெளியான அந்தப் படநூலில் 53 தகடுகள் இருந்தன. திறக்காத தலைக்குள் எது எங்கே இருக்கும் என்பதைப் பிறரும் பார்க்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

அதே 1893இல் மூளை, தண்டுவடச் சீழ்நோய்கள் பற்றிய அவருடைய பெருநூலும் வந்தது. மூளைச் சீழ்க்கட்டிக்காக அவர் அறுவை செய்தவர்கள் 19 பேர். பிழைத்தவர்கள் 18 பேர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஒன்றுகூட இல்லாத காலத்துக் கணக்கு இது. அறுவைக்கு உட்படாதவர்கள் இதில் சேரவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பலருக்கும் நோய் காதிலிருந்து வந்தது, நாட்பட்டது, தடித்த உறை கட்டியது, ஒரே இடத்தில் இருந்தது. இவை அவருக்குச் சாதகங்கள். எனினும் முறையும் சீரானது. காதுக்குப் பின்னே, இன்றும் மெக்யுவனின் பெயர் தாங்கும் சிறு முக்கோண இடத்தின் வழியே எலும்பைக் குடைந்து, நோய் போன பாதையிலேயே அவர் போனார். மூலச் சீழை அகற்றாமல் மூளையில் இருப்பதை மட்டும் வடிப்பதில் பயனில்லை என்பது அவருடைய கொள்கை. வடிகுழாயாக, சுண்ணாம்புச் சத்து நீக்கிய கோழியெலும்பைப் பயன்படுத்தினார். குழந்தையின் தலையை விரலால் தட்டி, விரிசல் விட்ட பானையின் ஓசை கேட்கிறதா என்று காது கொடுப்பார். உள்ளழுத்தம் ஏறிய தலை அப்படி ஒலிக்கும். அந்த அறிகுறியும் அவர் பெயரால் வழங்குகிறது.

இதற்குப் பின் வந்த காலம் ஏறுமுகமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. மற்ற மருத்துவமனைகளில் இந்நோய் வந்தவர்களில் பாதிப்பேர் அளவுக்கும், சில இடங்களில் அதற்கு மேலும் இறந்துகொண்டிருந்தனர். குழாயை எத்தனை நாள் வைப்பது, எப்படி வடிப்பது என்பதில் ஒருமிப்பு இல்லை. 1924இல் நியூயார்க்கின் ஜோசஃப் கிங், கட்டியின் கூரையை முழுதாக அகற்றி, உட்புறத்தை வெளியே பிதுங்கவிட்டு ஆற்றும் முறையைச் சொன்னார். 1926இல் பால்டிமோரின் வால்டர் டாண்டி, பெரிய திறப்பே வேண்டாம், ஊசியால் உறிஞ்சினால் போதும் என்றார். 1936இல் பாரிஸின் க்ளோவி வின்சென்ட், உறையோடு சேர்த்துக் கட்டியையே எடுத்துவிட வேண்டும் என்றார். மூவரிடமும் பிழைத்த நோயாளிகள் இருந்தனர். ஆகவே மூவர் வழியையும் பின்பற்றியோர் இருந்தனர். சண்டை எப்படி எடுப்பது என்பதைப் பற்றி. எங்கே இருக்கிறது, எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பது இன்னும் இருட்டிலேயே இருந்தது.

அந்த இருட்டு குழந்தைகளை இரண்டு விதமாகக் கொன்றது. ஒன்று, பருவம். பிரிட், என்ஸ்மான் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1981இல் ஆய்வக விலங்குகளைக் கொண்டு இதை ஒழுங்காகக் காட்டினர். முதல் ஒன்பது நாட்கள்வரை அழற்சிதான், உறை இல்லை. பத்தாம் நாளையொட்டி உறை கட்டத் தொடங்குகிறது. இரண்டு வாரத்தில் உறுதிப்படுகிறது. உறை கட்டாத இளம்பருவத்தில் கத்தி வைத்தால் நோய் பரவும். காத்திருந்தால் உள்ளே உடையும். எந்த நாளில் நிற்கிறோம் என்று தெரியாமல் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

மற்றொன்று, ஊசி. 1891இல் ஜெர்மனியின் ஹைன்ரிக் குவின்கே இடுப்புத் தண்டுவடத்தில் ஊசியிட்டு நீரெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். தலையில் நீர் கோத்த குழந்தைகளின் அழுத்தத்தைத் தணிக்கவே அவர் அதைத் தேடினார். மூளையுறை அழற்சியைக் கண்டறிய அதைப்போல் உதவிய கருவி வேறில்லை. ஆனால் காய்ச்சலும் வாந்தியும் கழுத்து விறைப்புமாக வரும் குழந்தைக்கு உள்ளே சீழ்க்கட்டி இருந்தால், கீழே நீர் இறங்கியதும் மேலேயுள்ள அழுத்தம் மூளையைக் கீழ்நோக்கித் தள்ளும், மூச்சு நின்றுவிடும். ஒரு நோய்க்கு உயிர்காக்கும் ஊசி, அதைப் போலவே தோன்றும் இன்னொரு நோய்க்கு எமன். இரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிவது கடினம். டாண்டி 1918இல் கண்ட வழி, மூளையறைக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது. ஈகஸ் மோனிஸ் 1927இல் கண்ட வழி, இரத்தக் குழாயில் மை செலுத்திப் படமெடுப்பது. இவை கட்டியை நேரே காட்டுவதில்லை. கட்டி எதைத் தள்ளியிருக்கிறது என்பதை நிழலாகக் காட்டும். காற்றேற்றிய பின் வரும் தலைவலியையும் வாந்தியையும் நோயுற்ற குழந்தைதான் தாங்க வேண்டும்.

இனி இதயத்தின் வழியே வரும் சீழுக்கு வருவோம். குழந்தைகளுக்கே உரிய பகுதி இது. பிறவியில் இதயத்தின் தடுப்புச் சுவரில் துளையும் நுரையீரலுக்குப் போகும் வழியில் அடைப்பும் உள்ள குழந்தைகளின் உதடும் நகமும் நீலம் பாரித்திருக்கும். 1888இல் மார்செய்ல் நகரின் ஃபாலோ இக்கோளாறின் நான்கு கூறுகளைத் தொகுத்துச் சொன்னார். அதற்கும் முன்பே, 1814இல், லண்டனின் ஜான் ஃபார் இதயக் கோளாறோடு மூளைச் சீழும் சேர்ந்திருந்த நோயாளியை விவரித்திருந்தார். இரண்டும் ஏன் சேர்ந்து வருகின்றன? இயல்பான உடலில் அசுத்த இரத்தம் முழுவதும் நுரையீரலின் மெல்லிய குழாய்களின் வழியே போகிறது. பல் துலக்கும்போது இரத்தத்தில் கலக்கும் சில கிருமிகள்கூட அந்த வடிகட்டியில் சிக்கிவிடும். நீலக் குழந்தையின் இதயத்தில் குறுக்குவழி இருக்கிறது. வடிகட்டியைத் தொடாமலேயே இரத்தத்தின் ஒரு பகுதி மூளைக்கு ஏறிவிடும். உயிர்வளி போதாமையால் உடல் சிவப்பணுக்களைப் பெருக்க, இரத்தம் கெட்டிப்படுகிறது. மூளையின் நுண்குழாய்களில் தேங்குகிறது. கிருமிக்கு வேண்டிய நிலம் தயார். இரண்டு வயதுக்கு முன் இது அரிது. அதற்கு மேல் வாழும் நீலக் குழந்தைகளையே தேடிவந்தது.

1944 நவம்பரில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டாஸிக்கின் யோசனைப்படி ஆல்ஃப்ரட் ப்ளாலாக் நீலக் குழந்தை ஒன்றுக்கு முதல் அறுவையைச் செய்தார். ஆய்வுக்கூடத்தில் அதைப் பழகிச் செம்மைப்படுத்திய கறுப்பினத்தவரான விவியன் தாமஸ், ப்ளாலாக்கின் பின்னால் நின்று வழிசொன்னார். அவர் பெயர் வெளியே வரப் பல்லாண்டுகளாயின. அந்த அறுவை நுரையீரலுக்கு இரத்தத்தைக் கூட்டியது, குறுக்குவழியை அடைக்கவில்லை. ஆகவே நீலம் தணிந்து வளர்ந்த குழந்தைகளுக்கும் மூளைச் சீழின் அச்சம் தொடர்ந்தது. 1954இல் மின்னசோட்டாவில் வால்டன் லில்லிஹை இதயத்தைத் திறந்து கோளாறை முழுமையாகச் சரிசெய்த பிறகே அந்த வாசலையும் சாத்த முடியும் என்றாயிற்று. மூளை நோயொன்றுக்கான தடுப்பு மருத்துவம் இதயத்தில் நடந்தது.

பெனிசிலினுக்கு இந்த வரலாற்றில் கிடைத்த இடம் நம் எதிர்பார்ப்பைவிடச் சிறியது. 1940களில் அது வந்ததும் காதுச் சீழ் குறைந்தது. ஆகவே காதிலிருந்து வரும் மூளைச் சீழும் வளமான நாடுகளில் குறைந்தது. ஆனால் வந்துவிட்ட கட்டிக்குள் மருந்து போதிய அளவு நுழைவதில்லை. அரைகுறையாகக் கொடுத்த மருந்து காய்ச்சலை மட்டும் மறைத்து, கட்டியை வளரவிட்டதும் உண்டு. எடுத்த சீழை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால் பலமுறை ஒன்றுமே வளரவில்லை. கிருமியற்ற சீழ் என்று எழுதி மூடினர். காற்றுப் பட்டால் மடியும் கிருமிகள் அவை. காற்றில் வைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? 1963இல் ஹைன்மன், பிராட் ஆகியோர் காற்றை விலக்கிச் சோதித்து இதை எடுத்துக்காட்டினர். பிறப்புறுப்புத் தொற்றுக்கென வந்த மெட்ரோனிடசோல் என்னும் மருந்து இத்தகைய கிருமிகளைக் கொல்லும் என்பது, 1962இல் அதை உண்ட நோயாளியின் ஈறுநோய் ஆறியதிலிருந்து தெரியவந்தது. 1970களில் அது மூளைச் சீழுக்கும் வந்தது, இன்றுவரை நிற்கிறது. 1971இல், ஹைன்மன் குழுவினர், தொடக்கப் பருவத்திலேயே பிடிபட்டால் கத்தியின்றி மருந்தாலேயே குணமாக்கலாம் என்றனர். ஆனால் தொடக்கப் பருவத்தில் எப்படிப் பிடிப்பது?

அதே 1971இல், அக்டோபர் முதல் நாள், லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹௌன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சிடி ஸ்கேன் கருவியில் முதல் நோயாளி படுத்தார். இசைத்தட்டு விற்ற இஎம்ஐ நிறுவனத்தின் பொறியாளர் அவர். 1979இல் ஆலன் கார்மாக்கோடு நோபல் பரிசு பெற்றார். அப்படத்தில் மூளைச் சீழ்க்கட்டி, மருந்து செலுத்தியதும், கருநிற நடுவும் ஒளிரும் வளையமுமாகத் தெரியும். எத்தனை, எங்கே, உறை கட்டியதா, வடித்தபின் சுருங்குகிறதா என்னும் எல்லாக் கேள்விக்கும் விடை ஒரே படத்தில். ஊசியிடும் முன் உள்ளே கட்டி உண்டா என்று பார்த்துவிடலாம். புதிய மருந்தோ புதிய கத்தியோ செய்யாததை இது செய்தது. முன்பு மூன்றிலொரு பங்கும் பாதியுமாக இருந்த சாவு, பல மருத்துவமனைகளில் பத்தில் ஒன்றை ஒட்டி இறங்கியது. பின்னர் எம்ஆர்ஐ வந்து, சீழையும் புற்றுக் கட்டியையும் பிரித்துக் காட்டியது.

இன்றைய சிகிச்சையில் புதுமை குறைவு. பெரிய கட்டியானால் படத்தின் துணையோடு சிறுதுளை வழியே ஊசி செலுத்தி உறிஞ்சுவார்கள். ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டருக்குக் கீழானால், குழந்தையின் நிலை சீராக இருந்தால், மருந்து மட்டும் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. நரம்பின் வழியே மருந்து பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வாரம். காதோ காற்றறையோ பல்லோ, மூலத்தைச் சரிசெய்வார்கள். டாண்டியின் ஊசி, மெக்யுவனின் மூலநோய்க் கொள்கை இரண்டும் அப்படியே இருக்கின்றன. குருடாகச் செய்ததைப் பார்த்துச் செய்கிறார்கள், அவ்வளவுதான். பிழைத்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு வலிப்போ கைகால் தளர்ச்சியோ கற்றலில் தொய்வோ எஞ்சுகிறது. நோயும் மறையவில்லை. பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின், 2022 இறுதியில், அமெரிக்கக் குழந்தைகளிடையே இது வழக்கத்தைவிடக் கூடியது.

படம் வந்ததால் மருத்துவருக்கு மட்டும் கண் திறக்கவில்லை என்பதே நமக்கு முக்கியமாகப் படுகிறது. இன்று மருத்துவர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்து, தாயிடமும் தந்தையிடமும், இதோ இங்கே என்று காட்டுகிறார். படிப்பறிவில்லாதவரும் அந்த வளையத்தைப் பார்க்கிறார். தம் பிள்ளையின் தலைக்குள் இருக்கக் கூடாத ஒன்று இருப்பதை உணர்கிறார். பிறகு கையெழுத்திடுகிறார். 1876இல் மெக்யுவனிடம் இருந்தது சரியான வாதம் மட்டுமே. மகனின் தலையை ஒப்படைக்க வாதம் போதாது. அந்தச் சிறுவனின் வீட்டார் இன்றைய படத்தைப் பார்த்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பார்களா என்பது நமக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம்.

நம் நாட்டுக்கு மூளை அறுவை தனித்துறையாக வந்தது பிந்தியே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டியும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950இல் பா. ராமமூர்த்தியும் அதைத் தொடங்கினர். இன்று ஸ்கேன் கருவி மாவட்டத் தலைநகரங்களுக்கு வந்துவிட்டது. ஆனால் மூளைக்குப் போகும் பழைய பாதை அடைபடவில்லை. நாட்பட்ட செவிச்சீழ் மக்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் உள்ள நாடுகளின் வரிசையில் 2004இல் உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியாவைச் சேர்த்தது. பிள்ளைக்குக் காதில் சீழ் வடிந்தால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக் காய்ச்சிய எண்ணெய் விடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. சீழ் வடியும் காதுக்குள் எண்ணெய் விடக் கூடாது. நாட்பட வடிந்தால், நாற்றமடித்தால், தலைவலியோ வாந்தியோ சேர்ந்தால், காத்திருக்கக் கூடாது. மூளைக்குள் பார்க்கக் கோடிகள் பெறும் கருவி வேண்டும். காதுக்குள் பார்க்க ஒரு சிறு விளக்கு போதும்.